மீன் விடப் போன கதை

தீபாவளி முடிந்த மூன்றாவது வாரம், சனி ஞாயிறு இரண்டு நாள் சிவகாசிப் பக்கம் போய் வந்தேன். தூண்டில் போடத்தான். சிவகாசிக்குப் போய் யாராவது மீன் பிடிப்பார்களா என்று வீட்டுக்காரர் சிரித்தார். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரண்டு பேர், இப்போது பட்டாசு மலிவாக இருக்கும், கார்த்திகைக்கு வாங்கி வா என்று பட்டியலே எழுதிக் கொடுத்தார்கள். பட்டியலைத் தொலைத்துவிட்டேன் என்று திரும்பி வந்து சொன்னது பொய். அவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தைப் படித்து வருபவர்களுக்கு என் கொள்கை தெரியும். பிடித்த மீனை நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. பார்த்து, ஒரு படம் எடுத்து, தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். போன பதிவில் முக்கொம்புப் பக்கம் பிடித்த ஒரு விராலைத் தண்ணீருக்குள் இறக்கும் படத்தைப் போட்டு, மேலே “விட்டாச்சு!” என்று எழுதியிருந்தேன். அதன் கீழே நடந்த சண்டை ஊருக்கே தெரியும். பாதிப் பேர் நல்ல காரியம் என்றார்கள். மீதிப் பேர், தின்னாதவளுக்குத் தூண்டில் எதற்கு, மீன் வாயில் ஊசி குத்திப் படம் எடுப்பதற்குப் பெயர் ஜீவகாருண்யமா என்று வறுத்தெடுத்தார்கள். எனக்குக் கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டு வரும். ஒருவர் விடாமல் பதில் எழுதினேன். இரண்டு பேரை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தச் சண்டைக்கு நடுவில் முனியசாமி என்று ஒருவர், யாரையும் கண்டுகொள்ளாமல் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். “எங்க கம்மாய்க்கும் வந்து மீன் விடுவீகளாக்கா?” அதற்குக் கீழே தொலைபேசி எண். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ஊர், பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை, வயது முப்பத்தைந்து இருக்கும். கம்மாய் என்று அவர்கள் சொல்வது கண்மாயை. திட்டுகளுக்கு நடுவே ஒரு மரியாதையான மனிதர் கிடைத்த சந்தோஷத்தில் அன்று மாலையே கூப்பிட்டேன். அந்தப் பேச்சை நினைவில் இருக்கிறபடியே தருகிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

“எம்புட்டு விடுவீகக்கா?” என்றார்.

“எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவையும் விட்டுடுவேன் தம்பி. ஒண்ணுகூட எடுத்துக்க மாட்டேன்.”

“என்ன மீனு?”

“விரால், கெண்டை, எது வந்தாலும்.”

“எந்த வண்டியில வர்றீக?”

“ரயில், அப்புறம் பஸ்.”

“பஸ்லயா? எப்பிடிக்கா கொண்டாருவீக?”

“பையில போட்டுத்தான். எனக்குப் பழக்கம்.”

நான் தூண்டில் கழி வைக்கும் பையைச் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோனது குரலிலேயே தெரிந்தது. இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். ஒரு தூண்டில்காரிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கும் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை 7.10க்குத் திருச்சியில் ரயில் ஏறி 10.25க்கு விருதுநகர் வந்து சேர்ந்தேன். முன்பதிவில்லாத பெட்டி, 95 ரூபாய், உட்கார இடம் கிடைத்தது. விருதுநகரில் இறங்கி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் போனால் என்னை நானே மதிக்க மாட்டேன். காலை பதினொரு மணிக்குப் பரோட்டாவா என்று கேட்பவர்கள் வேறு பக்கத்தைப் படிக்கலாம். அங்கிருந்து சிவகாசி ஏறக்குறைய 27 கிலோமீட்டர், சாதாரண பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஒரு மணி நேரம். தங்கியது பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய விடுதியில், நாளுக்கு 800 ரூபாய். சுத்தம் பரவாயில்லை. வெந்நீர் கேட்டால் பக்கெட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

மதியம் சும்மா இருக்க முடியாமல் வெம்பக்கோட்டை அணையைப் பார்க்கப் போனேன். வைப்பாற்றில் மழைத் தண்ணீர் வந்திருந்தது. வழியெல்லாம் பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, வேப்ப மரங்களுக்கு நடுவே பூட்டிக் கிடந்தன. தீபாவளி சீசன் முடிந்தால் சில வாரம் இப்படித்தான், பூஜை போட்டுத்தான் திரும்பத் திறப்பார்களாம். அணையில் தூண்டில் போடவில்லை. மீன் பிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் எந்தத் தண்ணீரிலும் நூல் இறக்குவதில்லை என்பது என் இன்னொரு கொள்கை. அதை யாரும் திட்டியதில்லை.

ஞாயிறு காலை 5.50க்கு ஆட்டோ. போக 21 கிலோமீட்டர், 450 ரூபாய். ஓட்டுநர் என் நீளமான பையைப் பார்த்துவிட்டு, புது மாடல் ராக்கெட் சாம்பிளா என்று கேட்டார். தூண்டில் என்றேன். கம்பெனிப் பெயரைச் சொல்ல விருப்பமில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 6.30க்குக் கண்மாய்க் கரையில் இறக்கிவிட்டார்.

கரையில் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் நின்றார்கள். குளித்து, திருநீறு பூசி, பெண்கள் தலையில் பூ வைத்து. மடைக்குப் பக்கத்தில் மடைக்கருப்பு என்று ஒரு நடுகல் சாமி இருக்கிறது. அதற்கு முன்னால் வாழையிலை விரித்து, மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, தேங்காய், பழம், பித்தளைத் தட்டில் சூடம். முனியசாமி ஓடிவந்து கும்பிட்டார். அவர் மனைவி பாண்டியம்மாள் பின்னால் வந்து, என் கையில் இருந்த ஒற்றைப் பையைப் பார்த்தார், ஆட்டோவை எட்டிப் பார்த்தார், சாலையைப் பார்த்தார்.

“மீனு லோடு பின்னால வருதாக்கா?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையைத் திறந்து கழியைக் காட்டினேன். பிடித்து விடுவேன் என்று சொன்னேன் அல்லவா என்றேன். கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் மெல்ல மெல்ல எனக்கு உறைத்தது. கண்மாய்க்காரர்களுக்கு மீன் விடுவது என்றால் குஞ்சு வாங்கி வந்து தண்ணீரில் விட்டு வளர்ப்பது. குஞ்சுகள் காற்று அடைத்த பாலிதீன் பையில்தான் வரும். பையில் போட்டுக் கொண்டுவருவேன், எது கிடைத்தாலும் விடுவேன், ஒன்றுகூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று நான்தானே சொன்னேன். பிடித்ததை விடுவதற்காகவே ஒருத்தி திருச்சியிலிருந்து வருவாள் என்று இந்த உலகத்தில் யார் நினைப்பார்கள்?

வெட்கத்தில் காது சுட்டது. ஆட்டோவும் போய்விட்டிருந்தது.

நிலைமை நான் நினைத்ததைவிட மோசம் என்று பாண்டியம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கண்மாயின் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, பன்னிரண்டு வீட்டாருக்குச் சேர்த்து இருக்கிறது. எல்லாம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் வீடுகள். கம்பெனி மூடியிருக்கும் நாட்களுக்கு இந்த மீன்தான் கைகொடுக்கும். இரண்டு வருடம் விட்ட குஞ்சுகள் மழை இல்லாமல் செத்துப்போயின. போன சித்திரையில் கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள். இந்த ஐப்பசியில் தண்ணீர் வந்தும், இன்னொரு தடவை குஞ்சு வாங்க யாருக்கும் மனசில்லை. வெளியூர்க்காரர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்துவிடலாம் என்று பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். முனியசாமிதான் ஒரு வாரம் தவணை கேட்டு, அக்கா மீன் விட வருகிறார்கள் என்று நிறுத்தி வைத்திருந்தார். அன்று பத்து மணிக்கு வெளியூர்க்காரர் பதில் கேட்கக் கூப்பிடுவார்.

முனியசாமி கரையில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பாண்டியம்மாள் அப்படி விடுகிற ஆள் இல்லை. நேராகவே கேட்டார். “பசிக்குப் பிடிச்சா திங்கலாம், விக்கப் பிடிச்சா விக்கலாம். விடுறதுக்கு எதுக்குக்கா பிடிக்கணும்? அது வாயி என்ன உங்களுக்கு விளையாட்டுச் சாமானா?”

இணையத்தில் இதே கேள்விக்கு நாற்பது வரி எழுதியவள் நான். எதிர்முள்ளைத் தட்டி மழுக்கிய தூண்டில் முள், ஈரக் கை, ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் என்று மனப்பாடமாகச் சொல்வேன். கரையில் நின்றபோது வாயில் வேறு ஒன்றுதான் வந்தது. விரால் சேற்றுக்குள் புதைந்து கோடையைத் தாண்டும் மீன், மேல்கண்மாய்த் தண்ணீரோடும் வரும், ஒருவேளை உள்ளே இருக்கலாம், பத்து மணி வரை தூண்டில் போட்டுப் பார்க்கட்டுமா என்றேன். போட்டுத்தான் பாருங்களேன் என்று யாரோ அலுப்போடு சொன்னார்கள். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சூடம் தட்டிலேயே இருந்தது.

7.15 முதல் 8.40 வரை ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த கருவேல முட்களில் இரண்டு ரப்பர் தவளைகளைப் பறிகொடுத்தேன். மேலே மிதந்து போகும் இந்தத் தவளையைத்தான் விரால் பாய்ந்து கவ்வும். மூன்றாவது தவளையைக் கட்டும்போது முடிச்சு இரண்டு முறை வழுக்கியது. பாண்டியம்மாள் தூண்டில் நரம்பை வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். சரவெடி பின்னும் கை. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதை அப்படியே கழியில் வைத்திருக்கிறேன்.

8.55க்கு, வடகரையில் ஒரு கருவேல மரம் பாதி மூழ்கி நிற்கும் இடத்தில் தவளை விழுந்த அடுத்த கணம் தண்ணீர் வெடித்தது. இழுவையிலேயே தெரிந்துவிட்டது, விரால். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நாலு நிமிடத்தில் ஓரத்துக்கு வந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். நான் அதைக் கரைப் புல்லில் இழுத்துப் போடப் போனேன். முனியசாமி ஒரே தாவலில் வந்து என் கையைத் தடுத்தார்.

“இழுக்காதீகக்கா. தூக்குங்க. உரசப்பிடாது.”

மருந்து அறையில் பழகிய கை அது. அங்கே எதையும் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது, போடக் கூடாது. தூக்கி, வைக்க வேண்டும். தோளில் கிடந்த பருத்தித் துண்டைத் தண்ணீரில் நனைத்து, கைகளையும் நனைத்து, விராலை அதில் ஏந்தினார். துள்ளும் என்று பயந்தேன். அது அவர் கையில் அடங்கிக் கிடந்தது. பதினோரு வருடமாகத் தூண்டில் போடுகிறேன், மீனைக் கையாளத் தெரிந்தவள் என்று நினைத்திருந்தேன். எனக்கு அதில் பாதி கூடத் தெரியாது.

அதற்குள் ஒருவர் சாக்கு கொண்டுவந்துவிட்டார். குழம்பா பொரியலா என்று பேச்சு கிளம்பியது. விட்டுவிடலாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர்கள் கண்மாய், அவர்கள் மீன், அவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தவள் நான். முள்ளைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

பாண்டியம்மாள் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, தவளை விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையால் எங்களைக் கூப்பிட்டார். உலைத் தண்ணீர் மாதிரி ஒரு கையகல இடம் சலசலத்துக்கொண்டிருந்தது. அத்தனையும் செந்நிறக் குஞ்சுகள், விரல் நகம் நீளம் இருக்கும். கூட்டம் இரண்டாகப் பிரிந்து, எங்கே போவது என்று தெரியாமல் சுற்றியது.

“ஏலே, இது பிள்ளைக்காரி,” என்றார்.

விரால் பசியால் பாயவில்லை, குஞ்சுகளுக்குக் காவல் நின்று பாய்ந்திருக்கிறது. குஞ்சு தெரிகிற இடத்தில் தூண்டில் போடக் கூடாது என்று இதே பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். வெயில் கண்ணில் அடித்தது, அவசரம், அவமானம் என்று எத்தனை காரணம் சொன்னாலும் நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. எனக்கு அழுகையே வந்தது.

சாக்கு வைத்திருந்தவர், ஒரு மீனால் பன்னிரண்டு வீட்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது, வந்ததற்குத் தின்றாவது வைப்போம் என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. பாண்டியம்மாள் தண்ணீரை விட்டு ஏறாமலே பேசினார்.

“நாம விட்ட மீனு அம்புட்டும் செத்துச்சு. நாம விடாத மீனு இங்கன பொளைச்சுக் கிடக்கு. பிள்ளையும் பெத்து வச்சிருக்கு. இதத் தின்னுட்டு எவங்கிட்டயோ கம்மாயக் குடுக்கப் போறீகளா?”

சாக்குக்காரர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முனியசாமி துண்டோடு தண்ணீரில் இறங்கினார். குஞ்சுகளுக்கு நாலடி தள்ளி, துண்டைத் தண்ணீருக்குள் தாழ்த்தி விரித்தார். விரால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. செவுள் இரண்டு முறை அசைந்தது. பிறகு துண்டு மட்டும் இருந்தது. பத்து நிமிடம் எல்லாரும் தண்ணீரையே பார்த்து நின்றோம். சிதறிய இரண்டு கூட்டமும் கருவேலத்தின் அடியில் திரும்ப ஒன்றாகிச் சலசலத்தது. அதற்குக் கீழே பெரிதாக ஒரு நிழல் திரும்பியதைப் பாண்டியம்மாள் பார்த்ததாகச் சொன்னார். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

முனியசாமி கரையேறி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “அக்கா மீனு விட வர்றாகன்னு சொன்னேம்ல. விட்டாச்சு.”

அப்போது எழுந்த சிரிப்பை இங்கே எழுதிக் காட்ட முடியாது. வீட்டுக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். பத்து மணிக்கு வெளியூர்க்காரர் கூப்பிட்டபோது, கண்மாயை இந்த வருடம் நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று சாக்குக்காரர்தான் சொன்னார். பங்குனி வரை யாரும் வலை இறக்குவதில்லை என்றும், இந்த விரால் போக மீதித் தண்ணீருக்குக் கொஞ்சமாவது கெண்டைக் குஞ்சு விடுவது என்றும் அங்கேயே பேசி முடித்தார்கள்.

சரி, மீன் விட்டாகிவிட்டது, சூடம் ஏற்றலாம் என்றால் ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே தடவிப் பார்ப்பார்கள். மடியில் தீப்பெட்டி வைக்காத பழக்கம் லீவு நாளிலும் போவதில்லையாம். அத்தனை பேரும் மடியைத் தடவிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் வெளியே போகும்போது பையில் ஒன்று வைத்திருப்பேன், எடுத்துக் கொடுத்தேன். பாண்டியம்மாள் அதைத் திருப்பிப் பார்த்தார். சிவகாசியில் செய்தது.

“மீனுதான் கொண்டாரல. எங்க ஊருக்குத் தீப்பெட்டியாவது கொண்டாந்தீகளே,” என்று சொல்லி உரசினார்.

மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு, கடையில் வாங்கியது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பிடித்த மீனை விடுகிறவள் கருவாடு தின்னலாமா என்று பாண்டியம்மாள் கேட்டார். அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்குப் பின், ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை இந்தப் பக்கக் கண்மாய்களில் தண்ணீர் இருக்கும். எந்தக் கண்மாயிலும் குத்தகை யாரிடம் என்று கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் இறங்குங்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் எடுக்கலாம், விடச் சொன்னால் விடலாம். அந்த முடிவு நம்முடையது என்ற நினைப்பு எனக்குப் போய்விட்டது. தண்ணீர் சிவப்பாகக் கொதிக்கிற மாதிரி இருந்தால் கழியை மடக்கிவிடுங்கள். ஒரு பருத்தித் துண்டு அவசியம், நனைத்துத் தூக்குங்கள், இழுக்காதீர்கள். மாலை 4.15க்கு வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசிக்குப் பஸ் கிடைத்தது. இரண்டு நாளைக்கு எல்லாம் சேர்த்து எனக்கு 1,900 ரூபாய் ஆனது, இரண்டு ரப்பர் தவளைகள் தனி. கண்மாயின் பெயரைக் கேட்டு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன். முக்கியமாக, தென் மாவட்டத்தில் யாரிடமும் தொலைபேசியில் மீன் விட வருகிறேன் என்று சொல்லாதீர்கள்.

ஊருக்கு வந்து, துண்டை மட்டும் விரித்துப் பிடித்திருக்கும் முனியசாமியின் கைப் படத்தைப் போட்டு, மேலே வழக்கம்போல “விட்டாச்சு” என்று எழுதினேன். இந்தத் தடவை யாரும் சண்டைக்கு வருவதற்கு முன்னால் அவரே கீழே எழுதிவிட்டார்.

“எம்புட்டு?”

“ஒண்ணு,” என்று பதில் போட்டேன்.

“போதும்க்கா.”